அடித்தது டெல்லி

உள்ளே ஜன்னலோரக் கட்டிலில் தலை முழுக்கக் கட்டோடு கிடக்கிறாரே இருளாண்டி, அவர் மண்டையைப் பிளந்தது டெல்லி அக்கா. சிரிக்காதீர்கள். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு ஒரு பெண் இப்படிப் பேசினால் மறை கழன்ற கேஸ் என்றுதான் தோன்றும். நான் மதிவதனி. எம்.ஏ. பொருளாதாரம், இரண்டாம் வருஷம். மத்திய அரசு ஊராட்சிகளுக்குப் பணம் பிரித்துக் கொடுக்கிற லட்சணத்தைப் பற்றித்தான் என் ஆய்வே. யாரோ சொல்லிக் கேட்டுப் பேசுகிறவள் இல்லை. படித்துவிட்டுப் பேசுகிறேன்.

நீங்கள் யாருக்காக வந்திருக்கிறீர்கள்? வீட்டுக்காரருக்கா. லாரியிலிருந்து விழுந்துவிட்டாரா. சரியாகிவிடும், இங்கே நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள். எல்லாரையும் ஏன் கதவுக்கு வெளியே நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்றுதானே பார்க்கிறீர்கள்? உள்ளே நீதிபதி வந்திருக்கிறார். ஆமாம், கோர்ட் நீதிபதியேதான். அடிபட்ட ஆள் பிழைப்பாரா மாட்டாரா என்று தெரியாதபோது, போவதற்கு முன்னாடி அவர் வாயாலேயே யார் அடித்தது என்று கேட்டு வாங்கிவிடுவார்கள். இருளாண்டிக்கு நினைவு வருவதும் போவதுமாக இருக்கிறது. இப்போது வந்திருக்கிறது. அவர் சொல்லப்போகிற பெயரில்தான் எல்லாம் நிற்கிறது. என் அண்ணன் ராஜா பெயரைச் சொல்லிவிட்டால் அவனுக்கு ஆயுசுக்கும் ஜெயில். கூட்டத்தில் யாரோ என்று சொல்லிவிட்டால் பிழைத்தான்.

அடித்தது உன் அண்ணனா என்று கேட்கிறீர்கள். பார்த்தீர்களா, நீங்களும் அங்கேதான் போகிறீர்கள். இரும்புத் தடி யார் கையில் இருந்தது என்பதா கேள்வி? அந்தக் கைக்குத் தடி எப்படி வந்தது என்பதுதான் கேள்வி. முதலிலிருந்து சொன்னால்தான் புரியும்.

எங்கள் ஊர் மாவிலியேந்தல். தண்ணீருக்கு இரண்டு ஆழ்துளைப் போர் உண்டு, ஒரு மேல்நிலைத் தொட்டி உண்டு. தொட்டியிலிருந்து ஒரே குழாய். அது முதலில் எங்கள் தெருவுக்கு வரும், தெரு முடிந்து ஓடையைத் தாண்டிக் காலனிக்குப் போகும். தொட்டியை ஒட்டி முதல் வீடு எங்களுடையது. மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றுவது, வால்வைத் திறப்பது, மூடுவது எல்லாம் இருளாண்டி வேலை. அவர் காலனிக்காரர். எந்த நேரமும் கையில் ஒரு இரும்புத் தடி இருக்கும். இடுப்பு உயரத்துக்கு, தலையில் குறுக்குக் கம்பி வைத்தது. வால்வுக் குழிக்குள் விட்டுத் திருகுகிற தடி. காலையில் வால்வைத் திறந்ததும் அந்தத் தடியால் குழி மூடியில் டங் டங் என்று இரண்டு தட்டுத் தட்டுவார். தண்ணீர் விட்டாயிற்று என்று அர்த்தம். தட்டின மறு நிமிஷம் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு மோட்டார் ஓட ஆரம்பித்துவிடும்.

தொட்டி மோட்டார் இல்லை அக்கா, வீட்டு மோட்டார். குழாயில் மாட்டி உறிஞ்சுகிற சின்ன மோட்டார். உங்கள் ஊரில் இல்லையா? எங்கே இல்லை?

இருளாண்டி குடிப்பார். வாய் ஜாஸ்தி. தடியைத் தோளில் சாய்த்துக்கொண்டு கல்யாண மாப்பிள்ளை மாதிரி தெருவில் நடப்பார். லீவுக்கு நான் வந்தால், "என்ன தாயி, நீ படிப்ப முடிச்சிட்டியா, இல்ல படிப்பு உன்ன முடிச்சிருச்சா?" என்பார். நான் சிரித்துக்கொள்வேன். நான் அவரை அவர், இவர் என்றுதான் சொல்வேன். எங்கள் வீட்டில் வேறு யார் வாயிலும் அது வராது. அப்பாவுக்கு அதிலேயே என்மேல் வருத்தம். "அவனுக்கு என்ன அவரு? காலேஜ்ல இதத்தான் சொல்லிக் குடுக்கானா?" என்பார். நான் விட மாட்டேன். சாப்பிடுகிற இடத்திலேயே வாதம் பண்ணுவேன். அப்படி வளர்ந்தவள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தத் தடவை பட்ஜெட்டில் ஊராட்சிகளுக்கு வர வேண்டிய மானியத்தில் டெல்லிக்காரர்கள் கை வைத்தார்கள். டெலிவிஷனில் அதைச் சொல்ல ஒரு வாக்கியம்கூட முழுசாக ஆகவில்லை. அந்த ஒரு வாக்கியம் எப்படி இறங்கி வருகிறது என்று பாருங்கள். டெல்லி மெட்ராஸைத் தள்ளுகிறது, மெட்ராஸ் ஜில்லாவைத் தள்ளுகிறது, ஜில்லா யூனியன் ஆபீசைத் தள்ளுகிறது. ஆளாளுக்குக் கீழே தள்ளிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்கள். எங்கள் ஊராட்சிக்குக் கீழே தள்ள யார் இருக்கிறார்கள்? யாரும் இல்லை. கரண்ட் பில் கட்ட வழியில்லை. மின்வாரியத்திலிருந்து வந்து ஒரு போருக்கு ஃப்யூஸைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். சித்திரை வெயிலில்.

இதுதான் முதல் அடி. யார் அடித்தது? டெல்லி. சரிதானே? தலையை ஆட்டுகிறீர்கள். இதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் ரத்தம் தெருக்குழாயில் விழுந்தது. ஒரு போர்தான் என்றானதும் காலனிக் குழாயில் உஸ் உஸ் என்று காற்றுதான் வந்ததாம். குடத்தைத் தூக்கிக்கொண்டு அவர்கள் எங்கள் தெருக் குழாய்க்கு வந்துவிட்டார்கள். எங்கள் சித்தி, "உங்க தெருவுல குழாய் இல்லயா, இங்க என்ன வேல?" என்று கேட்டார். இருளாண்டியின் மனைவி காளீஸ்வரி, "குழாய் இருக்கு, தண்ணியத்தான் நீங்க குடிச்சிட்டீங்க, வயித்தக் கீறித்தான் எடுக்கணும்" என்றாள். அவ்வளவுதான். சித்தி எவர்சில்வர் குடத்தால் அவள் முகத்திலேயே ஒன்று வைத்தார். காளீஸ்வரி சித்தியின் கொண்டையைப் பிடித்துக் குழாய்த் திண்டில் மோதினாள். சித்தி கைக்குக் கிடைத்ததைப் பிடித்து இழுத்தார். கிடைத்தது தோடு. தோடு கையோடு வந்தது, காது மடலும் கொஞ்சம் சேர்ந்து வந்தது.

நான் நடுவில் போய் நின்றேன். யாரும் போகவில்லை, நான் போனேன். "நீங்க ரெண்டு பேரும் ஏன் அடிச்சுக்கிறீங்க? உங்க எதிரி டெல்லியில இருக்கான்" என்றேன். காளீஸ்வரி காதைப் பொத்திக்கொண்டு, விரல் இடுக்கில் ரத்தம் வழிய என்னைப் பார்த்தாள். "டெல்லி எந்த வீடு தாயி? எங்க தெருவா, உங்க தெருவா?" என்றாள். அந்த நேரத்திலும் நக்கல். இந்த ஜனங்களுக்கு அரசியல் உணர்வு ஊட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

மே ஒன்றாம் தேதி கிராம சபை. ஸ்கூல் மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். எங்கள் ஊராட்சித் தலைவர் பஞ்சவர்ணம், காலனிப் பெண்மணி. நான் அவர் ஜெயித்தபோது சந்தோஷப்பட்டவள், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அன்றைக்கு அவர் பேசியது இருக்கிறதே, கேளுங்கள்.

"பணம் வரல. எப்ப வரும்னு தெரியல. தீர்மானம் போட்டு அனுப்புவோம், கலெக்டரப் பாப்போம், எல்லாம் செய்வோம். ஆனா அதுவரைக்கும் குடிக்கணும்ல. வீட்டுக் குழாயில மாட்டியிருக்கிற மோட்டார எல்லாம் கழட்டிருங்க. கழட்டுனா ஒரு போர் தண்ணியே கடைசி வீடு வரைக்கும் ஓடும். மாடி வீட்டுக்காரங்க மட்டும் தண்ணி வரியக் கொஞ்சம் கூட்டிக் கட்டுங்க. ரெண்டாவது போருக்கும் கரண்டு வாங்கிருவோம். ஓட்டு வீடு, கூர வீடு யாரும் கட்ட வேணாம்."

என் ரத்தம் கொதித்துவிட்டது. மைக்கை வாங்கினேன். டெல்லி வெட்டின பள்ளத்தை நம் காசைப் போட்டு நாமே நிரப்பினால், அடுத்த வருஷம் இன்னும் ஆழமாக வெட்டுவான் என்றேன். இன்றைக்கு வரியைக் கூட்டிக் கட்டுவது அவன் செய்தது சரி என்று நாமே ஒத்துக்கொள்வது என்றேன். மோட்டாரைக் கழற்றுவது, அவன் செய்த தப்புக்கு நாம் தண்டனை வாங்கிக்கொள்வது என்றேன். ஒரு பைசா கூட்டிக் கட்டாதீர்கள், ஒரு மோட்டாரைக் கழற்றாதீர்கள், ரோட்டில் உட்காருவோம், டெல்லிக்குக் கேட்கட்டும் என்றேன்.

எங்கள் தெரு முழுக்க விசில் அடித்தது. எங்கள் அப்பா என்னோடு எதிலும் ஒத்துப்போகிறவர் இல்லை. அவரே எழுந்து நின்று கை தட்டினார். "புள்ளயப் படிக்க வெச்சது வீண் போகல" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. நான் பேசி அப்பா கை தட்டினது அதுதான் முதல் தடவை. ஒரு கருத்து வர்க்கங்களைத் தாண்டிப் போய்ச் சேருகிறது என்றால் அதில் உண்மை இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

எங்கள் வீட்டிலும் மோட்டார் இருக்கிறதா என்கிறீர்கள். இருக்கிறது. இல்லையென்று சொல்லவில்லையே. சின்ன மோட்டார். அம்மாவுக்கு முழங்கால் வலி, குடம் தூக்க முடியாது. பின்னால் கொஞ்சம் தென்னங்கன்று வைத்திருக்கிறோம், அதற்கும் கொஞ்சம் போகும். ஊர் முழுக்க இருக்கிற ஒன்றை ஒரு வீட்டில் மட்டும் கழற்றி என்ன ஆகப்போகிறது? தனிமனிதன் மாறினால் எல்லாம் மாறிவிடும் என்பதே ஆள்பவர்கள் கிளப்பிவிடுகிற கதை. இதைப் பற்றி நான் கட்டுரையே எழுதியிருக்கிறேன்.

பஞ்சவர்ணம் என்ன சொன்னார் தெரியுமா? மைக்கைக்கூட வாங்கவில்லை. "ஏத்தா, டெல்லிக்குக் கேக்கட்டும்னு இம்புட்டுச் சத்தமாப் பேசுற. நல்லது. உங்க வீட்டு மோட்டாருக்குக் கேக்குற மாதிரி மெதுவா ஒரு வார்த்த சொல்லேன்" என்றார். காலனிப் பக்கம் குபீரென்று சிரித்தார்கள். இருளாண்டி அந்தத் தடியால் தரையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அது தேவையா அக்கா? ஒரு பெண் மேடையில் பேசும்போது அவள் வீட்டை இழுப்பது என்ன நாகரிகம்?

எங்கள் ராஜாவுக்கு என்மேல் பாசம் அதிகம். என்னை யாராவது ஒன்று சொன்னால் தாங்க மாட்டான். நாற்காலியைத் தூக்கி வீசினான். பிளாஸ்டிக் நாற்காலிதான். ஆனால் அது போய் விழுந்தது ஒரு வயசானவர் மேல். கழுத்துப்பட்டை எலும்பு முறிந்துவிட்டது. பிறகு யார் யாரை அடித்தார்கள் என்றே தெரியவில்லை. பந்தல் கம்பைப் பிடுங்கினார்கள். மைக் ஸ்டாண்டால் ஒருத்தன் வாயில் இடித்தார்கள், பல் தெறித்து என் செருப்பில் வந்து விழுந்தது. கையில் ஒட்டியிருந்த குங்குமத்தைத் தட்டிவிடுகிற மாதிரி அதைத் தட்டிவிட்டேன். காலனிக்காரர்கள் அடிபட்டவர்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்குப் பிறகு, வரியைக் கூட்டிக் கட்டுவதில்லை, மோட்டாரைக் கழற்றுவதில்லை என்ற தீர்மானத்தை அமைதியாக எடுத்தோம். ஏகமனதாக நிறைவேறியது. ஒரு எதிர்ப்புக்கூட இல்லை.

கிராம சபைத் தீர்மானத்துக்கு எவ்வளவு மதிப்பு தெரியுமா உங்களுக்கு? யாருக்கும் தெரிவதில்லை. அதுதான் இந்த நாட்டின் பிரச்சினை.

அப்புறம் மறியல். மெயின் ரோட்டில் காலிக் குடங்களை வரிசையாக அடுக்கி உட்கார்ந்தோம். நான்தான் கோஷம் எழுதினேன். காலனியிலிருந்து ஒரு ஆள் வரவில்லை. அவர்களுக்குத்தானே தண்ணீர் இல்லை, அவர்கள்தானே முன்னால் உட்கார வேண்டும்? ஒற்றுமை இல்லை. ஒரு பஸ் ஒதுங்கிப் போகப் பார்த்தது. ராஜாவின் சிநேகிதர்கள் கல்லெடுத்தார்கள். முன்கண்ணாடி பொடிப்பொடியாகி உள்ளே கொட்டியது. கண்டக்டர் முகத்தைப் பொத்திக்கொண்டு படியில் உருண்டு இறங்கினார். விரலை எடுத்தபோது ஒரு கண் இருந்த இடத்தில் வெறும் ரத்தம். அவரும் இந்த ஆஸ்பத்திரியில்தான் இருந்தாராம். பாவம், எனக்கு வருத்தம்தான். ஆனால் மறியல் நடக்கிறது என்று தெரிந்தும் பஸ்ஸை ஏன் எடுத்தார்கள்? அதை யாரும் கேட்பதில்லை. உடனே போலீஸ் லத்தியைச் சுழற்ற ஆரம்பித்தது. எனக்கு முழங்காலுக்குக் கீழே இரண்டு விழுந்தது. இதோ பாருங்கள், இன்னும் கறுப்பாக இருக்கிறது. எனக்கும் ரத்தம் கட்டியிருக்கிறது, நானும் அடிபட்டவள்தான்.

டெல்லியிலிருந்து பதில் வரவில்லை. தாசில்தார் வந்தார். தண்ணீர் லாரி அனுப்புகிறேன் என்றார். அனுப்பினார். லாரி எங்கள் தெருவைத் தாண்டுவதற்குள் காலியாகிவிட்டது. எங்கள் தெருவில் ஜனம் அதிகம், அவர்கள் என்ன செய்வார்கள்?

இப்போது கேளுங்கள், முக்கியமான இடம். பஞ்சவர்ணம் என்ன செய்தார்? தீர்மானத்தை மதிக்கவில்லை. மோட்டார் மாட்டின வீட்டு இணைப்பை எல்லாம் அறுத்துவிடச் சொல்லி இருளாண்டிக்கு உத்தரவு போட்டுவிட்டார். யார் வீட்டிலிருந்து ஆரம்பிப்பது? முதல் வீடு எங்களுடையது. காலையில் இருளாண்டி வந்து நிற்கிறார். குடிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு நியாயம்தான் முக்கியம். தடியைச் சுவரில் சாய்த்தார். கையில் இரும்பு அறுக்கிற ரம்பம். மோட்டார் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார்.

நான் ஓடிப்போய் எதிரே உட்கார்ந்தேன். "கிராம சபை போட்ட தீர்மானத்தை மீறத் தலைவருக்கு அதிகாரம் கிடையாது. சட்டப்படி கிராம சபைதான் மேலே" என்றேன்.

"சட்டம் மேலயே இருக்கட்டும் தாயி. தண்ணி கீழ போகணும். தள்ளிக்க."

"நீங்க செய்றது யாருக்கு உதவும் தெரியுமா? டெல்லிக்கு. டெல்லி விரும்புறதத்தான் நீங்க செய்றீங்க. பாதிக்கப்பட்டவனே பாதிக்கப்பட்டவன் குழாய அறுக்கிறான்."

சிரித்தார். "பாதிக்கப்பட்டவுக தென்னைக்குத் தண்ணி பாய்ச்சுறாக. எம்பொண்டாட்டி காதத் தச்சுக்கிட்டு வந்து உக்காந்திருக்கா, மூஞ்சி கழுவத் தண்ணி இல்ல. தள்ளு தாயி, எனக்கு இன்னும் தெரு முழுக்கக் கிடக்கு" என்று ரம்பத்தைக் குழாயில் வைத்தார்.

நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். வலது கையை. ரம்பம் இருந்த கையாயிற்றே, யார் மேலாவது பட்டுவிட்டால்? எனக்கு வன்முறை அறவே பிடிக்காது அக்கா. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தேன். நிதிக்குழு எப்படிக் கணக்குப் போடுகிறது, எங்கே நம்மை ஏமாற்றுகிறது, எல்லாம் சொன்னேன். "கைய விடு தாயி" என்றார். சொல்லி முடிக்காமல் விட மாட்டேன் என்றேன். நான் சொன்னதில் அவருக்குப் பதில் இல்லை. பதில் இல்லாததால்தான் கையை உருவப் பார்த்தான். உதறினான். நான் முட்டிபோட்டு முழு பலத்தையும் போட்டுப் பிடித்தேன். இடது கையைத் தரையில் ஊன்றியிருந்தான், இல்லாவிட்டால் விழுந்திருப்பான்.

ராஜா எப்போது வந்தான் என்று நான் பார்க்கவில்லை. சுவரில் சாய்த்திருந்த தடி அவன் கையில் இருந்தது. முதல் அடி தோளில். என் கைவரைக்கும் அதிர்ந்தது. இருளாண்டி திரும்பினார், கையைத் தூக்கி மறைக்கப் பார்த்தார். தூக்க வரவில்லை. அடுத்தது தலையில். தேங்காய் உடைகிற சத்தம் என்று சொல்வார்களே, பொய். ஈரமான சத்தம். ஈரச் சாக்கைச் சுவரில் அடித்த மாதிரி. என் முகத்தில் வெதுவெதுவென்று விழுந்தது, வாயில் உப்புக் கரித்தது. அப்புறமும் அடித்தான். காதோரம், கழுத்தில், குப்புற விழுந்த பிறகு முதுகில். ஒவ்வொரு அடிக்கும் அந்த ஆளின் உடம்பு என் பக்கம் துள்ளியது. ரத்தத்தில் வழுக்கித்தான் அந்த மணிக்கட்டு என் கையை விட்டு நழுவியது.

அப்பா வந்து ராஜாவை ஓங்கி அறைந்தார். "ஏண்டா, வீட்டு வாசல்ல வெச்சா செய்வாங்க?" என்றார். இரண்டு பேரும் கால் பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தெருவில் போட்டார்கள். நான்தான் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். போட்டது நான். திரும்பி வந்து பார்க்கிறேன், அம்மா மோட்டாரைப் போட்டு டியூபால் வாசலைக் கழுவிக்கொண்டிருக்கிறார். "மிதிச்சா வீடெல்லாம் கறை ஆயிரும்டி, நீ போய்க் குளி" என்றார். குளித்தேன். வேறு என்ன செய்வது?

மத்தியானத்துக்குள் காலனியே திரண்டு வந்துவிட்டது. ஜன்னல் ஒன்று மிச்சமில்லை. அப்பாவின் முன்பல் இரண்டும் போயின. சித்தி வீட்டு வைக்கோல்போரில் தீ வைத்தார்கள். எங்கள் மோட்டாரைப் பிடுங்கித் தெருவில் போட்டுப் பாறாங்கல்லால் நசுக்கினார்கள். பொதுச்சொத்து, தனிச்சொத்து என்ற வித்தியாசமே தெரியாதவர்கள். அதற்கு நாங்கள் கேஸ் கொடுத்திருக்கிறோம். அவர்கள் எங்கள்மேல் பி.சி.ஆர். கேஸ் கொடுத்திருக்கிறார்கள். எங்கே கொண்டுபோய்விட்டார்கள் பாருங்கள். நிதிப் பிரச்சினையில் சாதியைக் கலக்கிறார்கள். இப்படிக் கலந்தால் டெல்லி தப்பித்துவிடும் அக்கா. டெல்லிக்கு அதுதானே வேண்டும்? நாம் நமக்குள் அடித்துக்கொண்டால் அங்கே யாரையும் யாரும் கேட்க மாட்டார்கள்.

ராஜா எங்கே இருக்கிறான் என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்ல மாட்டேன்.

நான் இங்கே எதற்கு வந்தேன் என்றால், உண்மைக்காக. வீட்டில் போகாதே என்றார்கள். வந்தேன். போலீஸ் கூப்பிட்டால் சாட்சி சொல்வேன், கண்ணால் பார்த்தவள் நான் ஒருத்திதான். காலையில் காளீஸ்வரியை இதோ இந்தத் தூண் பக்கம் கூட்டிப்போய்ப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். "பாருங்க, ராஜா பேரச் சொன்னா ராஜா மட்டும்தான் ஜெயிலுக்குப் போவான். டெல்லியில ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆகாது. கூட்டத்துல யாரோ அடிச்சாங்க, மூஞ்சி தெரியலன்னு அவரச் சொல்லச் சொல்லுங்க. தண்ணிக்கு நடந்த கலவரத்துல அடிபட்டவர்னு ஆகும். நானே வக்கீலப் பிடிச்சு டெல்லி மேல வழக்குப் போடுறேன். இந்தியா முழுக்க அவர் பேரு தெரியும்" என்றேன்.

 அவள் காதில் தையல் போட்ட இடத்தில் ஈ உட்கார்ந்தது. விரட்டக்கூட இல்லை. நான் முடிக்கிற வரைக்கும் நின்றாள், கேட்டாள், உள்ளே போய்விட்டாள். எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒத்துக்கொண்டாள் என்றுதான் நினைக்கிறேன். விஷயத்தைத் தெளிவாகச் சொன்னால் படிக்காதவர்களுக்கும் புரிகிறது.

இருங்கள், கதவு திறக்கிறது. அதோ, அவர்தான் நீதிபதி. பின்னால் டாக்டர். யாரும் ஒன்றும் பேசாமல் போகிறார்கள். ஆள் போய்விட்டாரா? இல்லை, நர்ஸ் பாட்டில் மாற்றுகிறார், உயிர் இருக்கிறது. அந்தப் போலீஸ்காரம்மா யாரையோ தேடுகிறார்.

"இங்க மதிவதனிங்கிறது யாரு?"

நான்தான் மேடம். நான்தான் சாட்சி. காலையிலிருந்து இங்கேயேதான் இருக்கிறேன். முழுசாகச் சொல்கிறேன், ஆனால் பட்ஜெட்டிலிருந்து ஆரம்பித்தால்தான்...

"சாட்சியா? யாரு சொன்னா? அடிச்சது ராஜாவாம். அவன் அடிக்கத் தோதா கையப் பிடிச்சுக் குடுத்தது நீயாம். ரெண்டு பேரையும் பேரு சொல்லி, அப்பன் பேரும் சொல்லிட்டாரு. ஏந்திரி."

பிடித்துக் கொடுத்தேனா? மேடம், நான் தடுத்தேன். நான் பேசிக்கொண்டிருந்தேன். அவரிடம் திரும்பக் கேளுங்கள், நான் அவரிடம் என்ன பேசிக்கொண்டிருந்தேன் என்று கேளுங்கள். நிதிக்குழுவைப் பற்றி. அடிக்க நினைக்கிறவள் நிதிக்குழுவைப் பற்றிப் பேசுவாளா?

"அதயும் சொன்னாரு. 'கைய விடுன்னு கேட்டுக்கிட்டே இருந்தேன், அது பேசிக்கிட்டே இருந்துச்சு'ன்னாரு. நட, ஸ்டேஷன்ல வந்து பேசு."

வருகிறேன் மேடம், நானே வருகிறேன், இழுக்க வேண்டாம். ஒரு நிமிஷம். அக்கா, நீங்கள் முழுசாகக் கேட்டீர்கள். இவர்கள் யாரும் கேட்க மாட்டார்கள். நான் சொன்னதில் எது தப்பு? டெல்லி வெட்டியதா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள். ஏன் அக்கா என் கையையே பார்க்கிறீர்கள்? வெட்டியதா, இல்லையா?